மனையாவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது?

கேள்வி: சென்னையில் மேடவாக்கம் தாண்டி, சித்தாலப்பாக்கம் அருகே ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். ஒரு கிரவுண்டு மனை, தரைத்தளமும் முதல் மாடியும், 2011-ல் கட்டியது. அக்கம்பக்கத்து விலையைவிடப் பதினைந்து லட்சம் குறைவாகச் சொல்கிறார்கள். வக்கீல் பத்திரங்களைப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கியின் மதிப்பீட்டாளரும் வந்து பார்த்துவிட்டுப் போனார், கடனும் ஒப்புதலாகிவிட்டது. ஆனால் என் மாமனாருக்கு மனசு ஒப்பவில்லை. பின்பக்கப் படுக்கையறையில் ஜன்னல் மூலையில் விரிசலைப் பூசிப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் லேசாக வெளியே சாய்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் சம்பு முளைத்த ஒரு வாய்க்கால். ஏரி கால் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வாசலில் ரோடு சிட்-அவுட்டைவிட அரையடி உயரம். "2015-லயே இங்க தண்ணி வரல" என்கிறார் தரகர். மண் பரிசோதனை எல்லாம் வீடு கட்டுகிறவர்களுக்குத்தானே, கட்டிய வீட்டை வாங்குகிற எங்களுக்குத் தேவையா? அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாமனாரின் தயக்கம் நியாயமானது. இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கும் சரி, வேண்டும் என்று சொல்வதற்கும் சரி, இன்னும் யாரும் மண்ணைப் பார்க்கவில்லை.

வக்கீல் பார்த்தது உரிமையை. வங்கி மதிப்பீட்டாளர் பார்த்தது, கடன் திரும்ப வராவிட்டால் இந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும் என்பதை. இரண்டுமே அவசியம்தான். ஆனால் அஸ்திவாரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பது அவர்கள் இருவரின் வேலையும் இல்லை. திட்ட அனுமதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடம் அனுமதி பெற்ற கட்டடம்தான்.

நீங்கள் பார்த்திருக்கும் பகுதியில் இது கூடுதல் முக்கியம். தென்சென்னையில் மண் ஒரே மாதிரி கிடையாது. பல்லாவரம், பரங்கிமலை, நன்மங்கலம் காடு வரை சார்னோகைட் என்ற கடினப் பாறை மேலேயே தலைகாட்டும். நாலைந்து அடி தோண்டினாலே கடப்பாரை நிற்கும். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பள்ளிக்கரணைச் சதுப்பு, கொழகொழவென்ற களிமண். இடையில் ஏரிகளும் அவற்றின் கீழே பாய்ந்த நெல் வயல்களும். ஒரே லே-அவுட்டில் முதல் தெரு கெட்டித் தரையிலும் கடைசித் தெரு வாய்க்காலை மூடிய மேட்டிலும் இருப்பது இங்கே சர்வசாதாரணம். போதாக்குறைக்கு, பழைய கல்குவாரிகளைக் குப்பையும் இடிபாடும் போட்டு மூடிய இடங்களும் உண்டு. அதனால் "பக்கத்து வீடு நன்றாகத்தானே இருக்கிறது" என்பது உங்கள் மனைக்கு ஆதாரம் ஆகாது.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, மனையாவதற்கு முன்பு இந்த நிலம் என்னவாக இருந்தது என்பதைத்தான். பதில், நீங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் காகிதங்களிலேயே பாதி இருக்கிறது. வக்கீல் பார்த்த மூலப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். லே-அவுட் போட்ட பிறகு எழுதிய பத்திரத்தில் "வடக்கே மனை எண் 14" என்று இருக்கும், அது பிரயோஜனமில்லை. அதற்கு முந்தைய, விவசாயி விற்ற பத்திரத்தில் "நஞ்சை" என்றும், "மேற்கே ஏரி வாய்க்கால்" என்றும் எழுதியிருக்கும். வக்கீல் அதை எல்லை என்று படித்திருப்பார். மண் பார்க்கிறவனுக்கு அது இங்கே தண்ணீர் ஓடியது, நெல் விளைந்தது, கீழே களிமண் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற தகவல்.

அப்புறம் பழைய சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேட்டை, அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டை, பாருங்கள். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதும், பழைய நிலவரித் திட்டத்தில் குறித்த மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகைப்பாடு) அதில் இருக்கும். புலப்படத்தையும் (சர்வே எண்ணுக்கு உரிய அளவு வரைபடம்) கிராம வரைபடத்தையும் சேர்த்து வாங்குங்கள். மனைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் வருகிறது, அதன் அகலம் எவ்வளவு என்று புலப்படத்தில் அளவோடு இருக்கும். தரையில் அந்த அகலம் இல்லை என்றால், காணாமல் போன மீட்டர்கள் யாருடைய காம்பவுண்டுக்குள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உங்கள் பின்சுவர் சாய்வதற்கே அது காரணமாக இருக்கலாம். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று முடிவானால் சுவரோடு போகாது, வீட்டின் ஒரு பகுதியும் போகலாம். கூடவே கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். 2011-க்கு முந்தைய மழைக்காலப் படம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். வயலா, குட்டையா, வெறும் தரையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் எல்லையையும் சுற்றுப்பகுதியையும் பற்றி வழக்குகள் நடக்கின்றன. உங்கள் சர்வே எண் அதில் எங்கே நிற்கிறது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். ஏரிக்குப் பக்கத்தில் வீடு என்றால் எல்லோரும் தூரத்தைக் கேட்கிறார்கள். நான் கேட்பது, ஏரிக்கு எந்தப் பக்கம் என்று. கரைக்கு உள்ளே, தண்ணீர் விரியும் உள்வாய்ப் பக்கம் என்றால் வீட்டுத் தரை கலங்கலின் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் தடுப்புச் சுவர்) உச்சியைவிட மேலே இருந்தே ஆகவேண்டும். அதுவும் கலங்கல் வழியும்போது தண்ணீர் இன்னும் ஓரிரு அடி ஏறும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது இல்லாத வீட்டை எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். கரைக்கு வெளியே, வயல்கள் இருந்த ஆயக்கட்டுப் பக்கம் என்றால் கணக்கு வேறு. அங்கே ஏரி மட்டத்தைவிட வீடு தாழ்வாக இருப்பது இயல்பு. அங்கே பார்க்க வேண்டியது இரண்டு: கரை எப்படி இருக்கிறது, உபரி நீர் எந்த வழியாக வெளியேறுகிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வீடு ஆயக்கட்டுப் பக்கம் என்று தோன்றுகிறது. அப்படியானால் பின்னாலிருக்கும் வாய்க்கால் மதகிலிருந்து வரும் பாசன வாய்க்காலா, கலங்கலிலிருந்து வரும் உபரிநீர்க் கால்வாயா என்பதில்தான் உங்கள் முடிவே தொங்குகிறது. பாசன வாய்க்கால் என்றால் மதகை மூடினால் வேலை முடிந்தது. மழைநீர் மட்டும் ஓடும். உபரிநீர்க் கால்வாய் என்றால் ஏரி நிரம்பிய நாளில் மொத்த வெள்ளமும் அந்த வழியாகத்தான் போகும், யாராலும் மூட முடியாது. அந்தப் பக்கத்து ஏரிகள் தொடர் ஏரிகள். மேலே ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு இறங்கும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். அந்த வாய் திணறினால் மேலே வரை தண்ணீர் எதிர்த்து நிற்கும். உங்கள் தெருவில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறினால் அதுதான் காரணம். இதைத் தெருக்காரர்கள் நன்றாகவே சொல்வார்கள்.

தரகர் 2015-ஐச் சொல்கிறார். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது உண்மை. ஆனால் 2015-க்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனை முறை ரோடு உயர்ந்தது, எத்தனை காலி மனைகள் மண் அடித்து மேடாகின? அன்று தண்ணீர் போய் நின்ற காலி மனையில் இன்று வீடு இருக்கிறது. அதனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என்ன ஆனது என்று கேளுங்கள். தரகரிடம் வேண்டாம், எதிர்வீட்டு வாடகைக்காரரிடமும் அந்தத் தெருவுக்கு இஸ்திரி போடுகிறவரிடமும் கேளுங்கள். விற்பதால் அவர்களுக்கு லாபமும் இல்லை, மறைப்பதால் பயனும் இல்லை. வீட்டுக்குள் மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச், பிளக் பாயின்ட்டுகள் வழக்கமான உயரத்தைவிட மேலே ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மரக் கதவு நிலைகளின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். பெயின்ட்டுக்குக் கீழே மரம் ஊறி உப்பியிருந்தால் விரல் சொல்லிவிடும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. எந்தக் கொத்தனாரிடமும் டியூப் லெவல் இருக்கும். குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஹால் வாசலில் பிடித்து, மறுமுனையை ரோட்டின் நடுவிலும், மழைநீர் வடிகால் விளிம்பிலும், பின்வாய்க்கால் கரையிலும் பிடித்து, நான்கு அளவையும் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ரோடு சிட்-அவுட்டைவிட அரையடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹால் தரை ரோட்டைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதுதான் எனக்கு வேண்டிய எண். அடுத்த முறை ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் போட்டால் இன்னும் சில அங்குலம் ஏறும். அதையும் கழித்துப் பாருங்கள். கலங்கலோடு ஒப்பிட வேண்டுமென்றால் தனியார் சர்வேயர் ஒருவரை அரை நாளுக்கு அழைத்தால் போதும். இன்னொரு விஷயம். லே-அவுட் பெரியதாக இருந்தால், அனுமதி கொடுக்கும்போது பொதுப்பணித் துறை வெள்ள அபாயம் பற்றி ஒரு தடையின்மைச் சான்று கொடுத்து, மனையைக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கும். அந்தக் கடிதத்தை விற்பவரிடம் கேளுங்கள். அதில் உள்ள மட்டமும் சர்வேயர் எடுத்த மட்டமும் ஒத்துப்போகின்றனவா என்பது வேறெந்தப் பத்திரத்தையும்விட உங்களுக்கு உதவும்.

இப்போது விரிசல். எல்லா விரிசலும் அஸ்திவாரத்தின் குறை இல்லை. தளத்துக்கும் சுவருக்கும் நடுவே படுக்கைவாட்டில் ஓடுவது வெயிலில் கான்கிரீட் விரிவதால் வருவது. பில்லருக்கும் செங்கல் சுவருக்கும் இடையே நேர்கோடாக இறங்குவது இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் வருவது. இவை அசிங்கமே தவிர ஆபத்து அபூர்வம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகளைத் தொட்டுக்கொண்டு போகும் விரிசல்தான் நான் உட்கார்ந்து பார்ப்பது. மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் சுவரின் ஒரு முனை இறங்குகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் அது பின்பக்க அறையில் இருக்கிறது. பின்சுவரும் வாய்க்கால் பக்கம் சாய்கிறது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. முன்பாதி பழைய வயல் தரையிலும் பின்பாதி வாய்க்கால் ஓரத்தில் கொட்டிய சவுடு மண்ணிலும் நிற்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான், இன்னும் நிரூபணம் இல்லை. முழு வீடும் ஒரே சீராக இரண்டு அங்குலம் இறங்கினால் பெரிய பாதிப்பில்லை. ஒரு பாதி இறங்கி மறுபாதி நின்றால்தான் சுவர் கிழியும்.

புதுப் பூச்சைப் பற்றி விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், எந்த வருஷம் பூசினீர்கள், எத்தனையாவது முறை என்று. கொட்டிய மண் முதல் சில மழைக்காலங்களிலேயே பெரும்பாலும் அமர்ந்துவிடும். 2011-ல் கட்டிய வீட்டில் 2013-ல் வந்து நின்றுபோன விரிசல் என்றால் கவலை குறைவு. இப்போதும் திறக்கிறது என்றால், கீழே களிமண் இன்னும் நீரை இழந்து அமுங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது கோடையில் சுருங்கி மழையில் உப்பும் ரகம், அல்லது வாய்க்கால் பக்கம் மண் நழுவுகிறது. கோடையில் அகன்று ஐப்பசியில் மூடிக்கொள்ளும் விரிசல் என்றால் அது உப்பும் களிதான். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி எழுதினால், நகரும் சுவர் அதை உடைத்துவிடும். வாங்குவதற்கு முன் அதற்கெல்லாம் அவகாசம் இருக்காது என்பதால், வேறு அடையாளங்களைப் பாருங்கள். பின்னறைக் கதவு மட்டும் தட்டுகிறதா? தரை டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் வருகிறதா? வீட்டைச் சுற்றிய நடைதளம் சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா? ஒரு தூக்குக்குண்டைப் பின்சுவரில் மொட்டை மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

மண் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று கேட்டீர்கள். தேவை. கட்டுகிறவருக்காவது மண் மோசம் என்றால் அஸ்திவாரத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை.

முதலில் ஒரு குழி. பின்பக்க செட்பேக்கில் (சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையே விட்ட காலி இடம்), ஃபுட்டிங்கிலிருந்து (பில்லரின் அடிப்பீடம்) இரண்டு மூன்றடி தள்ளி, ஐந்தடி ஆழத்துக்கு, மழையில்லாத நாளில், விற்பவர் சம்மதத்தோடு தோண்டச் சொல்லுங்கள். அன்றே பார்த்து அன்றே மூடிவிட வேண்டும். ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, வீட்டை ஒட்டியும் தோண்டக் கூடாது. குழியின் சுவரைப் பாருங்கள். செங்கல் துண்டு, டைல்ஸ் துண்டு, பாலித்தீன் உறை எதுவரை வருகிறதோ அதுவரை கொட்டிய மண். அதற்குக் கீழே கறுப்பாக, கையில் உருட்டினால் நூல் போல நீளும் மண் வந்தால் பழைய வயல். ஒரு சட்டி மண்ணை எடுத்துச் சென்று ஆய்வகத்தில் உப்பல் சோதனை செய்யச் சொல்லுங்கள். காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்து கிராம் தண்ணீரிலும் பத்து கிராம் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடுதலாக உப்பியது என்று பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டினால் அந்த மண்ணில் சாதாரண ஃபுட்டிங் போட்டிருக்கக் கூடாது; அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் போல விரிந்த நிலத்தடித் தூண், போட்டிருக்க வேண்டும். 2011-ல் என்ன போட்டார்கள் என்று கட்டட வரைபடத்தைக் கேளுங்கள்.

அதன் பிறகு மண்ணைச் சோதிக்க இரண்டு போர் துளைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் அளவு வீட்டுக்கு ஆறிலிருந்து பத்து மீட்டர் ஆழம் போதும், ஆனால் கொட்டிய மண்ணையும் இளகிய களியையும் தாண்டிக் கெட்டி அடுக்குக்குள் போயிருக்க வேண்டும். 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் 'N' என்று இருப்பது அந்த எண்ணிக்கை. களிமண்ணில் நான்குக்குக் கீழே என்றால் இளகல், எட்டைத் தாண்டினால் நிம்மதி, பதினைந்தைத் தாண்டினால் இரண்டு மாடிக்கு யோசிக்கவே வேண்டாம். முன் போரில் பன்னிரண்டும் பின் போரில் அதே ஆழத்தில் மூன்றும் வந்தால் விரிசலின் காரணம் தெரிந்துவிடும். தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் தரை வரை ஏறும் மனையில், சுத்தம் செய்யக் காலி செய்த சம்ப்போ செப்டிக் டேங்க்கோ மிதந்து தூக்கிவிடுவது உண்டு. இத்தனைக்கும் ஆகும் செலவு நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். பதினைந்து லட்சம் ஏன் குறைவு என்ற கேள்விக்கும் இதிலேயே விடை வரலாம்.

இரண்டு ஆறுதல்கள் உங்களிடம் சொல்லப்படும், இரண்டையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒன்று, "தண்ணீர் வந்தால் ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி தூக்கிவிடலாம்." 2015-க்குப் பிறகு சென்னையில் நிறைய வீடுகளை அப்படித் தூக்கினார்கள். தாழ்வான வீட்டுக்கு அது வழிதான். ஆனால் இறங்கும் மண்ணுக்கு அது மருந்தில்லை. தூக்கிய வீடும் அதே மண்ணில்தான் நிற்கும், இன்னும் கொஞ்சம் கூடுதல் எடையோடு. இரண்டாவது, காப்பீடு. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளம், நிலநடுக்கம், நிலம் உள்வாங்குதல் எல்லாம் உண்டு. கட்டாயம் எடுங்கள். ஆனால் விதிவிலக்குகளைப் படியுங்கள்: கொட்டி மேடாக்கிய மண் அமர்வதால் வரும் சேதமும், வடிவமைப்புக் குறையால் வருவதும் அதில் சேராது. உங்கள் பயமே அதுதான் என்பதால் பாலிசியை நம்பி இந்த வீட்டை வாங்க முடியாது.

குடிதண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 2000-ஐத் தாண்டினால் குடிக்க லாயக்கில்லை. ஒரு கிரவுண்டு மனையில் செப்டிக் டேங்க்கும் போர்வெல்லும் பக்கத்தில் இருக்கும் என்பதால் கிருமிச் சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

என் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். பின்னால் ஓடுவது உபரிநீர்க் கால்வாய், ஹால் தரை ரோட்டைவிடத் தாழ்வு என்று இரண்டும் உறுதியானால் போர் போடும் செலவே வேண்டாம், விட்டுவிடுங்கள். பாசன வாய்க்கால்தான், தரை ரோட்டைவிட மேலே, பின்பக்க மண் மட்டும் இளகல் என்று வந்தால், பின்னறையின் ஃபுட்டிங்குகளுக்குக் கீழே மைக்ரோ பைல் (மெல்லிய நிலத்தடித் தூண்கள்) போட்டுத் தாங்க என்ன செலவாகும் என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பதினைந்து லட்சத் தள்ளுபடி அதற்குப் போதுமா என்று அப்போதுதான் தெரியும். இரண்டு போரும் ஒரே மாதிரி நல்ல மண்ணைக் காட்டினால் சுவர் விரிசலைச் சாதாரணமாகச் சரிசெய்துவிட்டுக் குடிபோகலாம்.

விற்பவர் குழி தோண்டச் சம்மதிக்கிறார், ஆனால் முதலில் டோக்கன் கேட்கிறார் என்றால் சிறு தொகை கொடுங்கள், எழுத்தில். "மண் பரிசோதனை, மட்ட அளவு, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றின் முடிவு வாங்குபவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் முப்பது நாளில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி உங்கள் வக்கீலையே எழுதச் சொல்லுங்கள். தோண்டவே விடமாட்டேன் என்று மறுத்தால் வேறு வீடு பார்க்கத் தொடங்குங்கள். போர் அறிக்கை கிடைத்ததும், பின்னறை விரிசலின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்த படத்தோடு எனக்கு அனுப்புங்கள்.